தோல் கைவினைப் பயிற்சிக்கூடங்களின் வாசலைப் பற்றி ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

சென்னையில் ஓர் அச்சகத்தில் 28 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்திவிட்டு, ஐம்பது வயதைக் கடந்த பிறகு குத்தூசியைக் கையில் எடுத்தவன் நான். தோல் கைவினையில் குறுகிய காலப் பயிற்சி நடத்தும் அரசு நிறுவனங்களையும் அரசின் நிதியுதவி பெறும் நிறுவனங்களையும் நிர்வகிக்கும் உங்களிடம் ஒரு கோரிக்கையை முன்வைக்கவே இம்மடல். இதையே விண்ணப்பமாக எழுதி இருமுறை அஞ்சலில் அனுப்பினேன். பதில் வரவில்லை என்பதால், மற்றவர்களும் படிக்கும்படி இப்போது எழுதுகிறேன்.

நான் தோலிடம் வந்தது புத்தகத்தின் வழியாக. அச்சகம் மூடப்பட்ட பிறகு பழைய நூல்களுக்கு அட்டை கட்டித் தரும் வேலையைச் சிறிதளவு செய்துவந்தேன். முதுகுத் தோல் பொடிப்பொடியாக உதிர்ந்துபோன ஒரு பழைய அகராதி கைக்கு வந்தபோது, அதற்கு ரெக்சின் ஒட்ட மனம் ஒப்பவில்லை. தோல் கடைகள் நிறைந்த பெரியமேட்டுக்குப் போனேன். புத்தகத்துக்கு என்றதும் கடைக்காரர், குரோம் உப்பில் பதனிட்ட தோல் மடிப்பில் நிற்காமல் எழும்பும் என்று சொல்லி, மரப்பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோல் ஒன்றை எடுத்துப் போட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால், ஓரத்தை உள்ளே மடிக்கவே முடியாத அளவுக்கு அது தடிமனாக இருந்தது. பிளேடால் சீவிச் சீவி இரண்டு துண்டுகளைக் கிழித்த பிறகு, எழும்பூரில் ஒரு மேம்பாலத்தின் அடியில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் மூன்றாவது துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கத்தியைக் கல்லில் நாலு இழுப்பு தீட்டினார். தோலைக் கல்லின்மேல் விரித்து, இடது கட்டைவிரலால் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஐந்து நிமிடத்தில் நான்கு ஓரங்களையும் காகிதத்துக்குச் சற்றே கூடுதலான கனத்துக்குச் சீவிக் கொடுத்தார். கூலி இருபது ரூபாய் கேட்டார். மறுநாளிலிருந்து அவரருகே ஒரு சாக்கை விரித்து உட்காரத் தொடங்கினேன்.

அடுத்த ஆண்டு முறையாகக் கற்கும் ஆசையில் ஒரு பயிற்சி நிறுவனத்துக்கு விண்ணப்பித்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. எனக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது என்றார்கள். அதில் எனக்குக் குறையொன்றுமில்லை. இடங்கள் குறைவாக இருக்கும்போது இளைஞர்களுக்கு முன்னுரிமை தருவது நியாயம்தான். ஆனால் அதே அறையில், கைத்தையல் சொல்லித்தர ஆள் கிடைக்காமல் அந்தப் பாடத்தைக் காணொளியில் காட்டி முடித்துவிடுவதாக ஓர் அலுவலர் வருத்தத்தோடு சொன்னார். நான் பெரியவரைப் பற்றிச் சொன்னேன். அவர் எத்தனாவது வரை படித்திருக்கிறார் என்று கேட்டார். மூன்றாம் வகுப்பு என்றேன். பேச்சு அத்துடன் முடிந்தது.

என் கோரிக்கை அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. தெருவோரத்தில் செருப்புத் தைப்பவர்களையும் மத்தளம், தவில், மிருதங்கம் ஆகியவற்றுக்குத் தோல் கட்டுபவர்களையும், கல்விச் சான்றிதழ் கேட்காமல், அவர்களின் கைவேலையையே தேர்வாகக் கொண்டு, உங்கள் பயிற்சிக்கூடங்களில் ஊதியம் பெறும் ஆசிரியர்களாக அமர்த்த வேண்டும். ஒருநாள் செய்முறை விளக்கத்துக்கு அழைத்துச் சால்வை போர்த்தி அனுப்புவதை நான் கேட்கவில்லை. வருகைப் பதிவேட்டில் பெயரும், மாதச் சம்பளமும், ஆசிரியர் என்ற சொல்லும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

இதற்கு எழும் மறுப்பு எனக்குத் தெரியும். தொழில்நுட்பக் கல்விக்கு ஒரு தகுதி வரையறை இருந்தாக வேண்டும் என்பீர்கள். ஆனால் இந்தத் தொழிலின் வரலாற்றில் மாற்றங்களைக் கொண்டுவந்தவர்களில் பலர் வேறு வேறு வாசல்கள் வழியாக உள்ளே வந்தவர்கள். சென்னையில் குரோம் பதனிடுதலை 1903 வாக்கில் சோதித்துப் பார்த்த ஆல்பிரட் சாட்டர்டன், பொறியியல் கல்லூரிப் பேராசிரியர். கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யக் கற்பித்துக்கொண்டிருந்த அவர், மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலையின் தோற்பை தண்ணீரில் ஊறி விரைவில் இற்றுப்போவதைத் தடுக்க வழி தேடியே குரோமுக்கு வந்தார். பின்னாளில் ஒரு குரோம் தோல் ஆலையின் பெயரே ஊருக்குப் பெயராகி, இன்று குரோம்பேட்டை என்று பேருந்தில் சீட்டு வாங்குகிறோம். 1948-இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நிறுவப்பட்ட பிறகு, அதை நெடுங்காலம் வழிநடத்திய நாயுடம்மா, குண்டூர்ப் பகுதியில் ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்து வேதியியல் படித்தவர். வேலூரில் தொழுநோயாளிகளின் கைகால்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்த பால் பிராண்ட், உணர்வற்ற பாதத்தில் புண் வருவதைச் சிகிச்சையால் மட்டும் நிறுத்த முடியாது என்று கண்டு, மருத்துவராக இருந்தபடியே காலணிப் பட்டறைக்குள் நுழைந்தார். இன்று நீரிழிவு நோயாளிகள் போட்டுக்கொள்ளும் மென்ரப்பர் செருப்பின் வேர், அவரும் அவருடன் இருந்த செருப்புத் தொழிலாளர்களும் செய்த அந்தச் சோதனைகளில் இருக்கிறது. அறுவைக் கத்தி பிடித்தவரும் தோல் கத்தி பிடித்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் அப்படிப்பட்ட செருப்பு பிறக்கும். அவர்களில் ஒருவருடைய பெயர்தான் நமக்குத் தெரிகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெயர் தெரியாதவர்கள் வந்த வழிகள் இன்னும் பல. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் ஷாப்புகள் எனப்படும் பதனிடும் ஆலைகளை நடத்திய முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் கொள்முதலும் கணக்கும் வழியாக வந்தன. ஷூ கம்பெனிகளின் பேருந்துகளில் விடியற்காலையில் ஏறும் பெண்களில் பலர், பீடி சுற்றிய வீடுகளிலிருந்தும் களையெடுத்த வயல்களிலிருந்தும் வருபவர்கள். மேற்பகுதித் தையலில் அவர்களுடைய கைதான் இன்று உலகத்தின் காலில் ஏறுகிறது. கன்னியாகுமரிப் பக்கத்தில் தோற்பாவைக் கூத்து நடத்தும் மராத்தி பேசும் குடும்பங்களுக்குத் தோல் என்பது வெளிச்சம் ஊடுருவும் திரை. ஆட்டுத்தோலைப் பதனிடாமல், மயிர் நீக்கிச் சுரண்டி, கண்ணாடிபோல் ஆக்கும் அந்த வேலை எந்தக் காலணிப் பாடத்திட்டத்திலும் இல்லை. மிருதங்கம் கட்டுபவருக்கோ தோல் என்பது ஒலி. ஒரே கருவிக்கு மாடு, ஆடு, எருமை மூன்றின் தோலையும் தேர்ந்து, எது எந்தச் சுருதிக்கு நிற்கும் என்று விரலால் தட்டியே சொல்லிவிடுவார்.

இன்னொரு வழியும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இரவில் உடைந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். பாலாற்றுப் பகுதியின் தோல் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இலேயே விரிவாகத் தீர்ப்பளித்திருந்தது. விருப்பத்தின் பேரில் தோலைத் தொட வரும் என்னைப் போன்றவர்களின் மேசைக்கு வருவது, கழுவி, உலர்த்தி, சாயமேற்றி, மணம்கூட இதமாகிவிட்ட தோல். அதற்கு முந்தைய கட்டங்கள் யார் கையில் நடந்தன என்பதை எந்தப் பயிற்சியின் முதல் வகுப்பும் சொல்வதில்லை.

விருப்பம் என்ற சொல்லில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. இன்று என் வீட்டு மொட்டைமாடிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறேழு பேர் வருகிறார்கள். கணினி நிறுவனத்தில் இரவுப் பணி பார்ப்பவர், ஒரு செவிலியர், மோட்டார் சைக்கிளுக்குப் பக்கவாட்டுப் பை செய்ய ஆசைப்பட்டு வந்த இளைஞர், மிருதங்கம் கற்கும் கல்லூரி மாணவி எனப் பலரும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு பணப்பை தைத்து முடித்தால் வீட்டில் பாராட்டு கிடைக்கிறது. படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புகிறார்கள். நான் முதல் இடைவாரைத் தைத்தபோதும், தோலை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று தொடக்கத்தில் முகம் சுளித்த என் உறவினர்களே பிறகு கலைஞர் என்றார்கள். அதே தையலை ஐம்பது ஆண்டுகளாகப் போட்டுவரும் பெரியவரை ஒருவரும் அப்படி அழைத்ததில்லை. அவர் என்னை சார் என்றுதான் கூப்பிடுவார். நான் அண்ணன் என்று அழைத்தும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. குத்தூசி என் விரலுக்குள் இறங்கிய ஒரு நாளில் மட்டும் பதறிப்போய்த் தம்பி என்றார்; மறுநாள் மீண்டும் சார்.

இந்த வேறுபாடு புதிதன்று. புறநானூற்றில் 82-ஆம் பாட்டில் சாத்தந்தையார், ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், வானில் மழை, பொழுதோ சாயும் நேரம் என்ற நெருக்கடியில் கட்டிலுக்கு வார் பின்னுகிறவனின் ஊசி எவ்வளவு விரைந்து ஓடுமோ, அவ்வளவு விரைவாக நடந்தது அரசனின் போர் என்கிறார். அரசனின் வீரத்தை அளக்கத் தோல் தைப்பவனின் கைவேகத்தை அளவுகோலாக எடுத்த புலவர், அதே வரியில் அவனை இழிசினன் என்றும் குறிப்பிடுகிறார். கையை வியந்து ஆளை ஒதுக்கும் அந்தப் பழக்கத்தை உங்கள் விதிகள் இன்றும் அறியாமலே தொடர்கின்றன என்பதுதான் என் வருத்தம்.

ஒன்றிய அரசு கைவினைஞர்களுக்காக 2023 செப்டம்பரில் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் செருப்புத் தைப்பதும் ஒன்று. குடும்பத்தின் வழிவழித் தொழில் என்ற நிபந்தனையை நீக்கவும், குறைந்தபட்ச வயதை 18-இலிருந்து 35 ஆக உயர்த்தவும் தமிழ்நாடு அரசு கேட்டதையும், அது ஏற்கப்படாததால் 2024 நவம்பரில் அத்திட்டத்தை அப்போதைய வடிவில் செயல்படுத்த மறுத்ததையும், பின்னர் 25 தொழில்களோடு தன் சொந்தக் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்ததையும் நீங்கள் அறிவீர்கள். பதினெட்டு வயதுப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பாமல் அப்பாவின் கல்லுக்குப் பக்கத்தில் உட்காரவைக்கும் எந்த ஏற்பாட்டையும் எதிர்ப்பதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. பெரியவரின் மகன் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். பேத்தி செவிலியர் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். தன் கத்தியைத் தன்னோடு முடித்துக்கொள்ள வேண்டும் என்பது பெரியவரின் பிடிவாதம். அதை யாரும் குறை சொல்ல முடியாது.

அப்படியானால் அந்தக் கத்தியின் நுட்பம் யாரிடம் போய்ச் சேரும்? பிறப்பால் வந்தவர்களின் பிள்ளைகள் வெளியேற வேண்டும், அது நடக்கட்டும். விரும்பி வருகிறவர்கள் உள்ளே வரட்டும். ஆனால் வெளியேறுகிறவருக்கும் உள்ளே வருகிறவருக்கும் இடையில் ஒரு வகுப்பறை வேண்டும், அந்த வகுப்பறையில் நாற்காலி கற்பிப்பவருக்கு வேண்டும். இப்போது நடப்பது வேறு. என்னைப் போன்றவர்கள் தெருவில் இலவசமாகக் கற்றுக்கொண்டு, மாடியில் கட்டணம் வாங்கிக் கற்பிக்கிறோம். நான் வாங்கும் கட்டணத்தில் பாதியைப் பெரியவரிடம் கொடுத்துவிடுகிறேன் என்பதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு தனிமனிதனின் மனச்சாட்சியை நம்பி ஒரு தொழிலின் நீதி நிற்கக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

அவரிடம் என்ன இருக்கிறது என்றும் நீங்கள் கேட்கலாம். தோலை இரு கைகளாலும் இழுத்துப் பார்த்து, இது முதுகு, இது வயிறு என்று பிரிப்பார். வயிற்றுப் பகுதியில் வார் வெட்டினால் ஒரு மாதத்தில் நீண்டுவிடும் என்பார். ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரு பக்கமிருந்தும் நுழைத்து இறுக்குவார். இயந்திரத் தையல் ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாகப் பிரியும், இந்தத் தையல் அறுந்த இடத்தோடு நிற்கும். மெழுகு பூசிய நூல் வெயிலில் எவ்வளவு இளகும், மழைக்காலத்தில் பசை உலர எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பதையெல்லாம் பருவத்தோடு சேர்த்துச் சொல்வார். இவற்றுக்கு மேலாக, ஒரு பொருள் எங்கே முதலில் பழுதாகும் என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் அவரிடம் வருவதெல்லாம் பழுதானவைதான். புதிதாகச் செய்ய மட்டுமே கற்றவர்களிடம் இந்த அறிவு இருப்பதில்லை.

முன்னரே கற்ற திறனை அங்கீகரித்துச் சான்றளிக்கும் முறை ஒன்றிய அரசின் திறன் திட்டங்களில் ஏற்கெனவே உண்டு. ஆனால் அது அவரைச் சான்றிதழ் பெற்ற தொழிலாளி ஆக்கும். ஆசிரியராக நியமிக்கும் விதியை நீங்கள்தான் எழுத வேண்டும். ஒரு பயிற்சிக்கு ஒருவர் என்று சோதனையாகத் தொடங்கினாலும் போதும். வாரம் இரண்டு மாலைகள் வகுப்பு வைத்தால் அவருடைய பகல் வருமானம் கெடாது. வேலைக்குப் போகும் மாணவர்களும் வர முடியும். விண்ணப்பப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற கட்டம் இருந்தால், ஆசிரியருக்கும் மாணவருக்கும் அதை நீக்கிவிடுங்கள். அந்தக் கட்டத்தை நிரப்பும்போது பேனா நின்றுவிடுபவர்கள் பலர் இருக்கிறார்கள்.

பெரியவரிடம் இம்மடலைப் படித்துக் காட்டினேன். சம்பளம் என்ற இடத்தில் சிரித்தார். வகுப்பு எடுப்பதற்குத் தரையில் உட்கார இடமும் நல்ல வெளிச்சமும் போதும், மேசையில் வைத்துச் சீவினால் கத்தி வழுக்கும் என்று மட்டும் எழுதச் சொன்னார். மழை இல்லாத நாள்களில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஏழு வரை அவர் அங்கேதான் இருக்கிறார். உங்கள் அலுவலர் யாரேனும் அவரைச் சோதித்துப் பார்க்க விரும்பினால், நான் உடன் வருகிறேன். அறுந்த பை ஒன்றைக் கையோடு கொண்டுவரட்டும்.

பணிவுடன்,
பெரியமேட்டுத் தோல் கடைகளுக்கு வாரந்தோறும் வரும் ஒரு பழைய மெய்ப்புத் திருத்துநர்