நகச்சாயத்தைத் துடைத்துவிட்டுப் பார்

அன்பு மகளுக்கு,

பொங்கல் முடிந்து நீ பஸ் ஏறியபோது ஜன்னல் வழியாக உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உன் கட்டைவிரல் நகம் என் விரலுக்குத் தட்டுப்பட்டது. நடுவில் பள்ளம். சாயம் பூசியிருந்ததால் மூன்று நாளும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. கேட்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. போனில் சொன்னால் "சரி அம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

சாயத்தைத் துடைத்துவிட்டு நகத்தைப் பக்கவாட்டில் பார். நல்ல நகம் லேசாக மேடிட்டு இருக்கும். கரண்டி போலக் குழிந்து, ஓரம் தூக்கியிருந்தால் அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடு. வழியாமல் நிற்கும். கிராம சுகாதாரச் செவிலியராக வீடு வீடாகப் போன காலத்தில் கீழிமை, நாக்கு, நகம் மூன்றையும் பார்க்காமல் எந்தக் கர்ப்பிணி வீட்டுப் படியையும் நான் இறங்கியதில்லை. நகம் இப்படிக் குழிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இரும்புச்சத்துக் குறைவு. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாய். முடி கொட்டுகிறது என்றாய். மாதவிலக்கு எட்டு நாள் நீள்கிறது என்றும் சொன்னாய். தனித்தனியாகக் கேட்டபோது எனக்கு உறைக்கவில்லை.

ரத்தப் பரிசோதனை செய்துகொள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஃபெரிட்டினும் சேர்த்துப் பார்க்கச் சொல். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே உடம்பின் இரும்புக் கையிருப்பு வற்றிப்போயிருக்கலாம். டாக்டர் மாத்திரை எழுதினால் அதை டீயோடு விழுங்காதே, சத்து உடம்பில் சரியாகச் சேராது. முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் அது மட்டும் இந்தக் குறையை ஈடுகட்டாது.

உன் நகத்தில் வெள்ளைப் புள்ளி இருந்தால் கால்சியம் குறைவு என்று யாராவது சொல்வார்கள். நம்பாதே. எங்கோ இடித்துக்கொண்ட தடம்தான் அது, வளர வளரப் போய்விடும். ஆனால் ஒரே ஒரு விரலில் புதிதாகக் கறுப்புக் கோடு விழுந்து, நாளுக்கு நாள் அகன்றால் தோல் மருத்துவரிடம் காட்டத் தயங்காதே.

பிளஸ் டூவில் உனக்கு டைபாய்டு வந்தது நினைவிருக்கிறதா? இரண்டு மாதம் கழித்து உன் விரல்களில் எல்லாம் குறுக்கே ஒரு பள்ளக் கோடு தெரிந்தது. காய்ச்சல் நாட்களில் நகம் வளராமல் நின்றுபோன இடம் அது. கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். நகக்கண்ணிலிருந்து கோடு வரை அளந்து, நீ படுத்திருந்த வாரத்தை உனக்கே நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். வாயைப் பிளந்தபடி பார்த்தாய்.

ஊரார் நகத்தையெல்லாம் பார்த்த நான் உன் தாத்தாவின் விரல்களைப் பார்க்கவில்லை. கடைசி வருடத்தில் அவர் விரல் நுனிகள் முரசடிக்கும் குச்சி போல உருண்டு, நகங்கள் கிளிமூக்காக வளைந்திருந்தன. தினமும் அந்தக் கையில்தான் காபி டம்ளரைக் கொடுத்தேன். நுரையீரலில் கட்டி என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. பஸ் போன பிறகு நிலையத்தில் அவர் கைதான் கண்முன் நின்றது.

சனிக்கிழமை உனக்கு விடுமுறை. காலையிலேயே போய் ரத்தம் கொடுத்துவிடு. முடிவு வந்ததும் அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பு. கூடவே, சாயம் இல்லாத உன் பத்து விரல்களையும்.

அம்மா