மேனேஜர்களை எடுத்துவிட்டீர்கள், சரி, முடிவெடுப்பது யார்?

நிறுவனர்கள் இருவருக்கும் வணக்கம்.

"இனி இங்கே மேனேஜர்கள் கிடையாது. நம் நோக்கத்தை மனத்தில் வைத்து அவரவரே முடிவெடுக்கலாம்" என்று ஜூம் கூட்டத்தில் அறிவித்தீர்கள். எல்லோரும் கைதட்டும் எமோஜி போட்டோம். நான் மனதாரத்தான் போட்டேன். அரை நாள் லீவுக்கு மூன்று பேரிடம் ஒப்புதல் வாங்கிய காலம் ஒழிந்ததில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

ஆனால் அப்புறம் நடந்ததையும் பாருங்கள். நம் பில்லிங் மென்பொருளுக்கு ஓராண்டுச் சந்தா கட்டிய மளிகைக் கடைக்காரர் ஒருவர், கடையை மூடப்போவதாகச் சொல்லி மீதிப் பணத்தைக் கேட்டார். சப்போர்ட்டில் இருந்தவர் நம் அலுவலக அரட்டைச் செயலியான ஸ்லாக்கில் "கொடுத்துவிடலாமா?" என்று போட்டார். நாலு பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். ஒருவர் "யோசிக்கணும்" என்றார். இன்னொருவர் கண் எமோஜியோடு நிறுத்திக்கொண்டார். விஷயம் அப்படியே கிடந்தது. கடைசியில் யாரோ உங்களில் ஒருவருக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்ப, சில நிமிடங்களில் "கொடுத்துடுங்க" என்று பதில் வந்துவிட்டது.

ஆக, உங்கள் எண் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் இப்போது மேனேஜர். அலுவலகமாக இருந்தால் யார் யாரோடு டீ குடிக்கப் போகிறார்கள் என்று பார்த்தாவது நிலவரம் புரியும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு அதற்கும் வழியில்லை.

கூட்டத்தில் நெதர்லாந்தின் ப்யூர்ட்சோர்க் நிறுவனத்தை உதாரணம் காட்டினீர்கள். யோஸ் டி ப்ளோக் 2006இல் தொடங்கிய அந்த வீட்டு மருத்துவப் பராமரிப்பு நிறுவனத்தில், நர்ஸ்கள் மேலாளர் இல்லாமல் இயங்குவது உண்மைதான். ஆனால் அங்கே விதிகள் கறாரானவை. ஒரு குழுவில் அதிகபட்சம் 12 பேர். கூடினால் குழு பிரியும். ஆள் எடுப்பது, பணி அட்டவணை போடுவது எல்லாம் குழுவின் பொறுப்பு. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு பயிற்றுநர் உண்டு. குழு சிக்கிக்கொண்டால் கேள்வி கேட்டு உதவுவார், உத்தரவு போடும் அதிகாரம் அவருக்கு இல்லை. அவர்களுடைய நோக்கமும் கையில் பிடிக்கக்கூடியது: நோயாளி முடிந்தவரை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வர வேண்டும். அது நடக்கிறதா என்பது நர்ஸுக்கு வாராவாரம் கண்ணில் படும். "சிறு வணிகர்களின் வாழ்வை எளிதாக்குவோம்" என்ற நம் வாசகத்தை வைத்து அந்த மளிகைக்காரருக்குப் பணம் கொடுக்கவும் வாதாடலாம், மறுக்கவும் வாதாடலாம்.

நம்மைப் போலவே ஆளுக்கொரு ஊரிலிருந்து வேலை செய்யும் பஃபர் என்ற சமூக ஊடக மென்பொருள் நிறுவனத்தின் கதை இன்னும் நெருக்கமானது. 2013இலேயே எல்லோருடைய சம்பளத்தையும், அதைக் கணக்கிடும் சூத்திரத்தையும் பொதுவெளியில் போட்டவர்கள் அவர்கள். பிறகு மேலாளர் இல்லா முறைக்குப் போனார்கள்; நீண்ட காலம் தாங்கவில்லை, படிநிலைக்கே திரும்பிவிட்டார்கள். வெளிப்படைத்தன்மையில் அவ்வளவு துணிந்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், நாம் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

கலிபோர்னியாவின் மார்னிங் ஸ்டார் தக்காளிப் பதப்படுத்தும் நிறுவனத்தில் இந்த முறை பல்லாண்டுகளாக நிற்கிறது. அங்கே ஒவ்வொருவரும் தன் வேலையால் அதிகம் பாதிக்கப்படும் சக ஊழியர்களோடு உட்கார்ந்து, தான் எதற்குப் பொறுப்பு என்று எழுத்தில் ஒப்பந்தம் போடுகிறார். தகராறு வந்தால் முதலில் இருவரும் நேருக்கு நேர் பேச வேண்டும், தீராவிட்டால் இருவருக்கும் சம்மதமான மூன்றாமவர், அதற்கும் மேல் சக ஊழியர் குழு, கடைசியில்தான் நிறுவனர். மேலாளர் செய்துவந்த வேலை எதுவும் மாயமாகவில்லை. யார் செய்வது என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நாங்கள் கேட்பதும் அதுதான். பணம் திருப்பித் தருவது, விலைச் சலுகை, ஆள் எடுப்பது, எந்த வேலையை முதலில் முடிப்பது, இவை ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் எழுதுங்கள். அவர் யாரிடம் கட்டாயம் ஆலோசனை கேட்க வேண்டும் என்றும் எழுதுங்கள். கேட்ட பிறகு முடிவு அவருடையது. கட்டைவிரல் எண்ணிக்கை தேவையில்லை. யாராவது உங்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்பினால், "ஸ்லாக்கில் அவரிடம் கேளுங்கள்" என்று மட்டும் பதில் சொல்லுங்கள். முதல் மாதம் இது உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும்.

சம்பள உயர்வை மட்டும் நீங்கள் இருவரே முடிவு செய்வதாக இருந்தால் அப்படியே இருக்கட்டும். அதையும் அந்தப் பட்டியலில் உங்கள் பெயரோடு எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
சப்போர்ட் குழுவிலிருந்து ஒருவர்