கிழக்கிலுள்ள இன்னொரு தேவாலயம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உயிர்த்த ஞாயிறன்று வெளியான உங்கள் ஆசிரியர் தலையங்கத்தை வாசித்தேன். நைஜீரியாவிலும் பாகிஸ்தானிலும் விசுவாசத்துக்காக வதைபடும் கிறிஸ்தவர்களுக்காக உருகியிருந்தீர்கள்; நன்றி. 2016 உயிர்த்த ஞாயிறன்று லாகூர் பூங்காவில் வெடித்த குண்டுகூட உங்கள் நினைவில் இருக்கிறது. ஆனால் இலங்கையில் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த 2019 உயிர்த்த ஞாயிறான ஏப்ரல் 21க்கு வந்ததும் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி தேவாலயங்களைப் பெயர் சொல்லிவிட்டு, எங்களைக் "கிழக்கிலுள்ள இன்னொரு தேவாலயம்" என்று முடித்துவிட்டீர்கள். லாகூர்ப் பூங்காவை அறிந்த உங்களுக்கு மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தைத் தெரியாமலா இருக்கும்? ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் அங்கே இறந்தார்கள். என்னிடம் தமிழ் படித்த பிள்ளையும் அவர்களில் ஒருத்தி.

இது புதிதல்ல. ஒரு நினைவு நாளில் உங்கள் பத்திரிகை போட்ட படத்தில், மெழுகுவர்த்தி ஏற்றும் அதிகாரியின் வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் தெரிந்தது. பின்னால் மகளின் படத்தை நெஞ்சோடு அணைத்து நின்ற தாயின் முகம் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. அதற்கும் ஒரு கடிதம் எழுதினேன். இடப் பற்றாக்குறை போலும், வெளிவரவில்லை.

யாழ்ப்பாணத்தின் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மீது 1995 ஜூலையில் விமானப்படை குண்டு போட்டதையும் தலையங்கத்தில் தேடினேன். 2005இல் எங்கள் ஊர் மரியன்னை பேராலயத்தில், நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டதையும் தேடினேன். அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 2021இல் விடுதலையானார்கள். அப்படியானால் சுட்டது யார் என்று நீங்களாவது கேட்டீர்களா?

அவை போர்க்காலச் சம்பவங்கள், மதச் சுதந்திரத்தோடு சேராது என்பீர்கள். இருக்கட்டும். எங்கள் ஊருக்கு அப்பால் ஒரு கிராமத்து வீட்டில் ஜெபம் செய்துகொண்டிருந்தபோது, புதிய வழிபாட்டிடம் கட்ட அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைச் சொல்லி, பதிவு எங்கே என்று கேட்டு வந்தார்கள். போதகர் மதச் சுதந்திரம் தரும் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையைச் சொன்னார். வந்தவர் சிரித்துவிட்டு எங்கள் பெயர்களை எழுதிக்கொண்டு போனார். அன்று போர் முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

முன்னெச்சரிக்கை கிடைத்தும் 2019 தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடையில் தையல் இயந்திரம் வாங்குவதுபோல அவர் அதைத் தவணையில் கட்டினார். இதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

நான் கேட்பது சிறிய காரியம்தான். அடுத்த முறை எழுதும்போது சீயோன் என்ற பெயரைப் போடுங்கள். நினைவு ஆராதனை நேரத்தை 'இன்றைய நிகழ்வுகள்' பகுதியில் இரண்டு வரியில் வெளியிடுங்கள். கட்டணம் உண்டென்றால் அறிவியுங்கள், அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு