விடுமுறையில் மருத்துவ ஆய்வு: மலையக மாணவருக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கோடை விடுமுறையில் பட்டப்படிப்பு மாணவரை மருத்துவ ஆய்வுகளில் சேர்த்துக்கொள்வது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியை வாசித்தேன். 1962இல் தொடங்கிய பேராதனை மருத்துவ பீடம் இருக்கும் நம் மலையகத்திலும் அந்த வாய்ப்பு வேண்டும். உயிரியல் படிக்கும் என் மகள் சென்ற விடுமுறையில் ஓர் ஆய்வுகூடத்தில் சம்பளமில்லாமல் உதவப் போனாள். பஸ் காசுக்கும் அறை வாடகைக்கும் வழியில்லாமல் பத்தாம் நாளே தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். அவளுக்கு ஆர்வம் குறையவில்லை, என்னிடம்தான் காசு இல்லை.

நோயாளர் தொடர்பான ஆய்வுக்கு ஆய்வு முறையாக நடக்குமா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், விடுமுறைக்குள் அதைப் பெறுவது கஷ்டம். ஆகவே ஏற்கெனவே அனுமதியோடு நடக்கும் ஆய்வுகளில் தோட்டத்துப் பிள்ளைகளை எட்டு வாரம் சேர்த்து, தங்குமிடமும் சிறு கொடுப்பனவும் வழங்கலாம். கொழுந்து பறிக்கும் பெண்களின் இரத்தச்சோகையைப் பற்றி அவர்களிடமே தமிழில் கேட்டறிய இந்தப் பிள்ளைகளால் முடியும்.

ஒரு தாய்,
ஹட்டன்.