குஞ்சு பொரித்த செய்தியும் கிணற்றடித் தோட்டமும்

வாட்டர்லூ, ஒன்ராறியோ
ஏப்ரல் மாதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீங்களும் அப்பாவும் அம்முச்சியும் அண்ணன் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் சொல்லச் சொல்ல அக்கா மகள் எழுதிய கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. அலைபேசியில் பேசும்போது அண்ணனோ அப்பாவோ பக்கத்தில் இருப்பதால் சொல்ல முடியாமல் விட்டதையெல்லாம் அதில் எழுதியிருக்கிறீர்கள் என்பது முதல் பக்கத்திலேயே புரிந்துவிட்டது. அதனால்தான் நானும் தாளையும் பேனாவையும் எடுத்து உட்கார்ந்தேன். கிணற்றடித் தோட்டத்தை அடமானம் வைத்து அண்ணன் கோழிக்கொட்டகை போட நினைப்பதைப் பற்றி நீங்கள் கேட்டதற்குப் பின்னால் வருகிறேன். அதற்கு முன் இங்கே குஞ்சு பொரித்த செய்தியைச் சொல்லிவிட வேண்டும். என் பதிலில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

பனி இன்னும் முழுவதும் உருகவில்லை. கொட்டகையின் வடக்குச் சுவரடியில் அழுக்கேறிய குவியலாகக் கிடக்கிறது. ஆனால் பகல் நீண்டுவிட்டதால் கோழிகள் நன்றாக முட்டையிடத் தொடங்கிவிட்டன. கோழி ஒழுங்காக முட்டையிட ஏறக்குறைய 14 மணி நேர வெளிச்சம் வேண்டும் என்கிறார்கள். மார்கழியில் இங்கே 9 மணி நேரந்தான் பகல். அந்த நாட்களில் தண்ணீர்த் தொட்டி உறைந்துவிடும், சேவலின் கொண்டை நுனி குளிரில் கறுத்து உதிர்ந்துவிடும். அதற்காகவே கியூபெக் மாகாணத்தில் ஓகா என்ற ஊரின் மடத்தில் இருந்த பிரதர் வில்ஃப்ரிட் என்ற துறவி, கொண்டையும் தாடியும் மிகச் சிறியதாக இருக்கும் ஓர் இனத்தைப் பல ஆண்டுகள் கலப்புச் செய்து உருவாக்கினார். ஷான்டெக்ளேர் என்று பெயர். 1921இல் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் அதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. எங்கள் பண்ணையில் இருப்பவை அந்த இனத்துக் கோழிகள்தான். உடம்பில் நல்ல சதை, அடர்ந்த இறகு, சாதுவான குணம். நம் வீட்டுச் சிறுவெடை நாட்டுக்கோழியின் சுறுசுறுப்பு மட்டும் இவற்றுக்கு இல்லை.

பண்ணை என்றதும் பல்லடம் பக்கத்துப் பெரிய கோழிக்கொட்டகைகளை நினைத்துவிடாதீர்கள். பண்ணைக்காரப் பெரியவர், அவர் மனைவி, அவர்களுடைய மகன், நான், இவ்வளவு பேர்தான். இந்த மாகாணத்தில் 99 முட்டைக்கோழிகளுக்கு மேல் வைத்திருக்க வேண்டுமானால் கோட்டா, அதாவது இத்தனை கோழி வளர்க்கலாம் என்ற உரிமை, வாங்க வேண்டும். கறிக்கோழி என்றால் பதிவு செய்துகொண்டு ஆண்டுக்கு 300 குஞ்சுகள் வரை வளர்க்கலாம். எங்கள் முட்டையை வாசலுக்கு வருகிறவர்களுக்குத்தான் விற்கிறோம். அரசு அங்கீகரித்த தரம்பிரிப்பு நிலையத்துக்குப் போகாத முட்டையைக் கடைக்கோ சந்தைக்கோ கொண்டுபோக இங்கே அனுமதி இல்லை. இந்தக் கட்டுப்பாடு இருப்பதால்தான் சிறு பண்ணைகள் எல்லாமே ஒரே ஓட்டத்தில் பெரிதாகிவிடாமல் இருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

குஞ்சு பொரிக்க இயந்திரம் இருக்கிறது. மூடியில் சிறு கண்ணாடி வைத்த பெட்டி. உள்ளே விசிறி, வெப்பமானி, தண்ணீர்த் தட்டு. வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸிலேயே நிற்க வேண்டும். அதிகம் ஏறினாலும் இறங்கினாலும் கெடுதல்தான். நாள்தோறும் முட்டைகளைப் பல முறை திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொண்டு செத்துவிடும். ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் விளக்கை அடியில் வைத்துப் பார்த்தால், சிலந்தி கால் பரப்பியதைப் போல் சிவப்பு நரம்புகள் தெரியும். ஒன்றும் தெரியாதது கூமுட்டை. பதினெட்டாம் நாளோடு திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தைக் கூட்டி, மூடியைத் திறக்காமல் விட்டுவிட வேண்டும். இருபத்தோராம் நாள் குஞ்சு வரும்.

அங்கே நீங்கள் கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று ஆணியும் அடுப்புக்கரியும் காய்ந்த மிளகாயும் போட்டு, பதின்மூன்று முட்டைகளை அடுக்கி, சாயங்காலமாக அடைக்கோழியைத் தூக்கி உட்கார வைத்தீர்களானால் அதோடு உங்கள் வேலை முடிந்தது. இங்கே நான் மணிக்கணக்குப் பார்த்துச் செய்வதையெல்லாம் அந்தக் கோழி தன் வயிற்றுச் சூட்டிலும் அலகு நுனியிலும் தானாகச் செய்தது. பதினெட்டாம் நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் முட்டையை மிதக்கவிட்டு, ஆடுகிறதா என்று அம்முச்சி பார்ப்பாரே, அதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் என்னைத் திரும்பவும் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

இந்த முறை பத்தொன்பதாம் நாள் இரவில் உறைமழை பெய்தது. மழைத்துளி கம்பியிலும் கிளையிலும் விழுந்தவுடன் பனிக்கட்டியாகிவிடும். அந்தப் பாரம் தாங்காமல் மரம் முறிந்து மின்கம்பி அறுந்துபோயிற்று. நாங்கள் பெட்டியைச் சுற்றிப் போர்வைகளைச் சுற்றி, வெந்நீர்ப் புட்டிகளைச் சாய்த்து வைத்து உட்கார்ந்திருந்தோம். விடியும் நேரத்தில் பக்கத்துப் பண்ணைக் கிழவர் தம் கறுப்புக் குதிரை வண்டியில் வந்து இறங்கினார்.

இவரைப் பற்றி நான் எழுதியதே இல்லை அல்லவா? இந்த வட்டாரத்தில் பழைய ஒழுங்கைக் கடைப்பிடிக்கும் மென்னோனைட் கிறித்துவர்கள் பலர் இருக்கிறார்கள். கார் வைத்துக்கொள்வதில்லை, குதிரை வண்டிதான். தங்களுக்குள் பேசிக்கொள்வது பழைய ஜெர்மன் வழக்கு ஒன்று. இந்தக் கிழவர் வாரம் ஒரு முறையாவது வருவார், வேலிக் கம்பத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்று, வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசியதும் உங்களைப் பற்றிக் கேட்பார். “உன் அம்மா எத்தனை முட்டை வைப்பார்? எந்தக் கோழியின் கீழ் வைப்பார்? குஞ்சுக்கு முதலில் என்ன போடுவார்?” இந்தக் கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார். பதின்மூன்று என்று நான் சொன்ன நாளில், தம் பாட்டியும் பதின்மூன்றுதான் வைப்பார் என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் ஒன்றும் பேசாமல் வண்டியேறிப் போய்விட்டார். அவர் இயந்திரத்தை நம்புவதில்லை. அன்று காலை அவர் மரப்பெட்டியில் இரண்டு அடைக்கோழிகளைக் கொண்டுவந்திருந்தார். இயந்திரத்திலிருந்து முட்டைகளை எடுத்து அவற்றின் அடியில் ஒவ்வொன்றாக நகர்த்தினார். இறகுக்குள் கொள்ளாத மிச்சத்தைத்தான் நாங்கள் போர்வைக்குள் வைத்துக்கொண்டோம். மாலையில் மின்சாரம் வந்தது. கோழியின் கீழ் இருந்தவை ஏறக்குறைய எல்லாமே பொரித்தன. போர்வைக்குள் இருந்தவற்றில் பாதிதான் தேறின.

ஓட்டை உடைப்பதற்கு ஒரு நாள் முன்னாலேயே குஞ்சு உள்ளிருந்து கத்தத் தொடங்கிவிடும்; தாய்க்கோழி மெல்லக் கொக்கரித்துப் பதில் சொல்லும். இயந்திரத்துக்குள் இருக்கும் குஞ்சுக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. அதனால் இரவில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, நீங்கள் வாசலில் நின்று கூப்பிடுவதையே நான் கூப்பிட்டேன்: “பா பா பா.” சில நாட்களில் நான் வாய்விட்டுப் பேசும் தமிழ் அவ்வளவுதான். அதற்காகத் தனியாகக் கஷ்டப்படுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே எல்லாரும் என்னை நன்றாகவே வைத்திருக்கிறார்கள்.

குஞ்சு பொரிப்பது ஒரு பங்கு என்றால் வளர்ப்பது மூன்று பங்கு. பொரிக்கும் முன்பே மஞ்சள் கருவின் மிச்சம் குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டுவிடுவதால் இரண்டு, மூன்று நாள் தீவனம் இல்லாமல்கூட அது தாங்கும். ஆனால் சூடு இல்லாமல் ஓர் இரவு தாங்காது. முதல் வாரம் விளக்கின் கீழ் 35 டிகிரி இருக்க வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். வெப்பமானியைவிடக் குஞ்சுகளைப் பார்ப்பதே மேல். எல்லாம் விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர்கிறது, ஓரங்களுக்கு ஓடி இறக்கையை விரித்தால் சூடு அதிகம், பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரி. தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போடாவிட்டால் விழுந்து நனைந்து செத்துவிடும். தரையில் வழவழப்பான காகிதம் விரித்தால் கால் பிளந்துபோகும், மரச்சீவல்தான் நல்லது. பின்பக்கம் எச்சம் ஒட்டிக் காய்ந்திருக்கிறதா என்று தினமும் பார்த்து, வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும். தீவனம் மூட்டையில் வருகிறது. நீங்கள் பழைய பானையில் சாணமும் கந்தல் சாக்கும் வைத்துக் கவிழ்த்து, காலையில் கறையானைக் கொட்டியதும் குஞ்சுகள் பாய்ந்து கொத்துமே, அந்த வேகத்தை இங்கே நான் பார்த்ததில்லை.

கிழவரின் கோழிகளிடம் விட்ட குஞ்சுகளுக்கு இவை எதுவுமே தேவைப்படவில்லை. விளக்கு இல்லை, கணக்கு இல்லை. பருந்து நிழல் விழுந்ததும் ஒரு குரல், அத்தனையும் இறக்கைக்குள். இங்கே பருந்து மட்டுமல்ல, நரியும் ரக்கூன் என்ற ஒரு விலங்கும் உண்டு. ரக்கூன் முன்காலால் கூண்டுத் தாழ்ப்பாளையே திறந்துவிடும்.

முட்டை குறைந்த பழைய கோழிகளைப் போன மாதம் கழித்தபோது ஒன்றை எனக்குக் கொடுத்தார்கள். அவர்கள் அதை வேகவைத்துச் சாறு மட்டும் எடுப்பார்கள். நான் கொத்தமல்லியும் வரமிளகாயும் வறுத்து அரைத்து, கிச்சனர் நகரத்துக் கடையில் சொல்லி வைத்து வாங்கிய சின்ன வெங்காயத்தைப் போட்டு, இரண்டு மணி நேரம் வேகவிட்டுக் குழம்பு வைத்தேன். கறியின் உறுதி நம் வீட்டுக் கறியின் உறுதியேதான். பெரியவரின் மனைவி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குத்தான் அன்று தொண்டையில் இறங்கவில்லை. தீபாவளிக்கு மறுநாள் நம் திண்ணையில் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டதும், அப்பா கல்லீரலை எடுத்து என் இலையில் வைத்ததும் நினைவுக்கு வந்துவிட்டன. அம்மா, ஒரு முறை அந்தத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும் என்று இருக்கிறது. இந்த ஆண்டு விடுப்புக்குக் கேட்டுப் பார்க்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்பாவிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

இனி நீங்கள் கேட்டது. கிணற்றடித் தோட்டத்தை அடமானம் வைத்து மேட்டுக்காட்டில் ஒப்பந்தக் கோழிக்கொட்டகை போட அண்ணன் ஆசைப்படுகிறது என்றும், பத்திரத்தில் அப்பா கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தொழிலில் நிமிர்ந்தவர்கள் நம் பக்கம் இருக்கிறார்கள். தப்பான தொழில் என்று நான் சொல்ல மாட்டேன். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி கொடுக்கும், கிலோ கணக்கில் வளர்ப்புக்கூலி கிடைக்கும். ஆனால் கொட்டகையும் கரண்டும் ஆள்கூலியும் நம்முடையவை, கடனும் நம்முடையது. அடுத்த தொகுதிக் குஞ்சு எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. சித்திரை வெயிலில் பண்ணைக்கோழி சாவதை அண்ணனும் பார்த்திருக்கிறது. மூன்று தலைமுறையாக வற்றாத கிணற்றை அதற்குப் பிணையாக வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

அண்ணனுக்கு நான் சொல்வது இதுதான். நம்மிடம் இருக்கும் சிறுவெடைக் கோழிகளை இருபதாகப் பெருக்கட்டும். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். முட்டையை ஒரு வாரத்துக்கு மேல் சேர்க்காமல், குளிர்ச்சியான மண் கலயத்தில் அகன்ற முனை மேலே இருக்கும்படி அடுக்கி வைக்கட்டும். சிறிய இயந்திரம் ஒன்று வாங்கட்டும். ஆனால் பொரித்த குஞ்சுகளை இரவோடு இரவாக அடைக்கோழிகளின் கீழ் விட்டுவிட்டால் வளர்க்கும் வேலையைக் கோழியே பார்த்துக்கொள்ளும். இங்கே நான் கண்கூடாகக் கண்டது அது. வெள்ளைக் கழிச்சல் நோயில் மட்டும் அலட்சியம் கூடாது. ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து, எட்டு வாரம் ஆனதும் இறக்கையடியில் ஊசி. மருந்தைப் பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவர வேண்டும். அரசுக் கால்நடை மருந்தகத்தில் முகாம் போடும்போது ஒரு கோழிகூட விடாமல் கொண்டுபோகட்டும். இரண்டு ஆண்டில் கணக்கு நன்றாக வந்தால் கொட்டகையை அப்போது பேசிக்கொள்ளலாம். நான் எழுதியதாகச் சொல்லி அண்ணியிடம் முதலில் பேசுங்கள். அண்ணன் அண்ணி சொன்னால்தான் கேட்கும்.

இந்த மாதம் அனுப்பும் பணம் சற்றுக் குறைவாக இருக்கும். குளிர்காலத்தில் இங்கே வேலை நேரம் குறைவது வழக்கம், வேறொன்றும் இல்லை. அதில் முதலில் அப்பாவின் கண் அறுவை சிகிச்சைக்கு எடுத்து வையுங்கள், மிச்சத்தை அண்ணியின் நகைக்கு வட்டியாகக் கட்டிவிடுங்கள். நகையை முழுதாக மீட்பதை ஆடிக்குள் நான் பார்த்துக்கொள்கிறேன். அக்கா மகளைப் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுக்கச் சொல்லுங்கள். கால்நடை மருத்துவம் படிக்க ஆசை என்று கடிதத்தின் ஓரத்தில் தானாகச் சேர்த்து எழுதியிருக்கிறாள். அப்பா பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் எனக்கு ஒரு வார்த்தை தெரிவிக்க வேண்டும். நீங்கள் எழுதும் பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்