செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: கல்லில் பார்த்தது, பொன்னில் செய்தது

நம் பொற்கொல்லர் சங்கத் தலைவர் அவர்களுக்கும், மூத்த ஆசாரிமார்களுக்கும், இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம்.

வழக்கமான காரியங்களை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதாமாதம் கூடியது. நகைக்கு நகை தனியாகப் பதிக்கும் ஹால்மார்க்கின் ஆறு இலக்கக் குறியீடு பற்றிய சந்தேகங்களுக்குத் தனியாக ஒரு கூட்டம் போட்டோம். சந்தா பாக்கி பாக்கியாகவே இருக்கிறது. 2025 ஜனவரியில் சவரன் 60,000 ரூபாயைத் தாண்டியதும் பட்டறைகளில் வேலை என்ன ஆனது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விலை ஏறினால் வருகிறவர்கள் எடை குறைவாகவும் பார்வைக்குப் பெரிதாகவும் கேட்கிறார்கள். கையில் செல்போன், அதில் ஒரு படம், "இதே மாதிரி". அந்தப் படம் எல்லா ஊர்ப் பட்டறையிலும்தான் சுற்றுகிறது. அதை வைத்து மெஷினோடு போட்டி போட்டு நமக்கு ஆகாது. அதனால்தான் கோயில்களிலும் இயற்கையிலும் புது வடிவம் தேடி நோட்டும் பென்சிலுமாக வெளியே கிளம்பினோம்.

தாராசுரத்தில்தான் அதிகம் கற்றோம். இரண்டாம் இராசராசன் எடுத்த கோயில். அங்கே மண்டபத் தூண்களில் கொடி சுருண்டு சுருண்டு ஓடும். ஒவ்வொரு சுருளுக்குள்ளும் விரலளவில் ஓர் உருவம். வங்கி என்கிற தோள்வளைக்கும் ஒட்டியாணத்துக்கும் நேராக எடுத்துக்கொள்ளலாம் போலிருக்கும். பட்டறைக்கு வந்து தகட்டில் உருவம் புடைத்து வரும்படி நகாசு தட்டினால் சப்பென்று ஆகிவிட்டது. கல்லில் அந்த உருவத்தை எடுத்துக் காட்டுவது ஆழத்தில் விழும் நிழல். மெல்லிய தகட்டில் அவ்வளவு ஆழம் ஏது? ஒரு தங்கைதான் நிழல் விழும் இடத்தையெல்லாம் ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டார். கொடி தெளிவாக நின்றது, எடையும் இறங்கியது. இந்த ஆண்டின் நல்ல உருப்படி என் கணக்கில் இதுதான்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனபோது எல்லோரும் விமானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். எட்டுப்பட்டைச் சிகரத்தைப் பார்த்து ஒரு தம்பி எட்டுப்பட்டை ஜிமிக்கி செய்தார். அழகுதான், ஆனால் பட்டைக்குப் பட்டை பற்றவைப்பு, செய்கூலி தாங்காது. எனக்கு அங்குள்ள கல்வெட்டுதான் பெரிதாகப் பட்டது. இந்தக் கோயிலை எடுத்த முதலாம் இராசராசன் கொடுத்த நகைகளை 'தட்சிணமேருவிடங்கன்' என்ற எடைக்கல்லால் எடைபோட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, கறடு, இரட்டை என்று வகை பிரித்திருக்கிறார்கள். சொரசொரப்பான கறடும் ஒட்டிப் பிறந்த இரட்டையும் நாம் ஒதுக்கித் தள்ளுகிற முத்து. அவர்கள் சாமி நகையிலேயே கோத்திருக்கிறார்கள். இதைப் படித்த பிறகு ஒட்டிப் பிறந்த முத்தைத் தொங்கட்டானில் வைத்துப் பார்த்தோம்; இரண்டு கண் போல நன்றாகவே அமைந்தது.

இயற்கைக்கு வெகுதூரம் போகவில்லை. இதழ் உதிர்ந்த தாமரைக் காயைக் குளத்திலிருந்து பறித்து வந்து மேசையில் வைத்தோம். தட்டையான முகம், குழிக்கு ஒரு விதை. கெம்புக் கல் பதிக்க இதைவிடத் தோதான முகப்பு யோசித்தாலும் வராது. பூவைத்தான் நாம் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறோம், காயை ஏன் விட்டோமோ! நெற்கதிரையும் முயன்றோம். வால் நுனி புடவையில் மாட்டி இழுக்கிறது. வாலை மழித்தால் கதிராகத் தெரியவில்லை. அது இன்னும் வேலையில் இருக்கிறது.

யாளி சரிவரவில்லை. தோட்டின் அளவுக்குச் சுருக்கினால் பூனையாகிவிடுகிறது. பதக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது மூத்தவர்கள் முடிவு.

வரும் ஆண்டில் தஞ்சைக் கலைக்கூடத்துச் செப்புத் திருமேனிகளின் அணிகளை வரைவதாகத் திட்டம். திருவெண்காட்டு ரிஷபவாகனர் என்கிற சிவன் திருமேனியில் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். வரைந்த தாள்கள் சங்க அலமாரியில் இருக்கின்றன. யாரும் எடுத்துப் பார்க்கலாம், வீட்டுக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம். அடுத்து வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.