கம்பு கொடுக்கும் முன் விழக் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிலம்பப் பள்ளியில் ஜப்பானிய மற்போர்க் கலையான ஜூடோவையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் நம் கலை கெட்டுப்போகும் என்று வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைத் தங்கள் நாளிதழில் படித்தேன். அவர் கவலை எனக்குப் புரிகிறது, ஆனாலும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதற்கு என் இடது மணிக்கட்டே காரணம்.

1984-ல் எனக்கு 17 வயது. மதுரைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் களத்தில் கம்பு விளையாடிக்கொண்டிருந்தோம். மூத்த மாணவர் ஒருவர் கம்பைத் தாழ்த்தி என் காலை வாரிவிட்டார். மல்லாக்க விழுந்த நான் கையைப் பின்னால் ஊன்றினேன். மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு கிடந்தேன். வாத்தியார் மீது குறை சொல்ல மாட்டேன். கம்பு வீசும்போது கால் மாற்றி வைக்க அவர் போட்டுக்கொடுத்த காலடிதான் இன்றும் என் உடம்பில் இருக்கிறது. எப்படி விழுவது என்பது மட்டும் எங்கள் பாடத்தில் இல்லை.

பிறகு உடற்கல்விக் கல்லூரியில் ஜூடோ வகுப்புக்குப் போனேன். முதல் இரண்டு வாரம் விழுவதைத் தவிர வேறு எதுவும் இல்லை. முதலில் படுத்தபடி, பிறகு உட்கார்ந்தபடி, அப்புறம் குந்தியபடி, கடைசியில் நின்றபடி. பின்மண்டை தரையில் படாமல் இருக்க மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். முதுகு தரையைத் தொடும்போதே உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை பட்டென்று தரையில் அறைய வேண்டும். கையை ஊன்றவே கூடாது. அன்றிரவு விடுதியில் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே வெகுநேரம் விழித்திருந்தேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு, எங்கள் பகுதிச் சிலம்பப் பள்ளியில் செவ்வாயும் சனியும் ஜூடோ சொல்லிக்கொடுக்கிறேன். சிலம்பமும், வெறுங்கையால் சண்டையிடும் குத்துவரிசையும் வாத்தியார் பொறுப்பு. ஜூடோ மெத்தை வாங்க வசதியில்லாததால் வைக்கோலைத் தடிமனாகப் பரப்பி மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருக்கிறோம்.

இந்த மூன்று கலைகளும் எப்படிப் பொருந்துகின்றன என்று கேட்டால், இடைவெளியைப் பாருங்கள் என்பேன். பிள்ளையின் நெற்றி உயரத்துக்கு இருக்கும் கம்பு சுழலும்போது அதன் வீச்சுக்குள் யாரும் எளிதில் வர முடியாது. முனையைத் தாண்டி ஒருவன் உள்ளே புகுந்துவிட்டால் கம்பின் நீளமே இடைஞ்சல். அங்கே குத்துவரிசை வேண்டும். சட்டையையோ இடுப்பையோ பிடித்துவிட்டால் குத்துவதற்கும் இடமில்லை, அங்கே ஜூடோ. ஜூடோவுக்கும் இதில் லாபம் உண்டு. காலடி பழகிய பிள்ளைகள் நிற்கும் விதமே வேறு. உடம்பின் பாரத்தை எந்தக் காலில் வைப்பது, எப்போது மாற்றுவது என்று சொல்லாமலே அவர்களுக்குத் தெரிகிறது. அவர்கள் காலை வாருவது எனக்கே சிரமமாக இருக்கிறது.

ஜூடோவும் ஒரே ஊற்றிலிருந்து வந்ததல்ல. அதை உருவாக்கிய ஜிகோரோ கானோ, ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானிய மற்போரில் இரண்டு மரபுகளைக் கற்றுத் தேர்ந்து, 1882-ல் டோக்கியோவில் ஒரு கோயிலில் 12 பாய் விரித்த இடத்தில் கோடோகன் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். ஒகினாவா தீவிலிருந்து வந்த கராத்தே ஆசான் ஃபுனாகோஷியை 1922-ல் அழைத்து அங்கே கராத்தே செய்துகாட்டச் சொன்னவரும் அவர்தான். இன்று கராத்தே பிள்ளைகள் போடும் வெள்ளை உடையும் கட்டும் பெல்ட்டும் ஜூடோவிலிருந்து போனவை.

ஆனால் ஒன்றில் அந்த வாசகர் பக்கம்தான் நானும். பலகையில் ஏழு கலைகளின் பெயரை எழுதிவைத்து, ஏழையும் ஒருவரே சொல்லிக்கொடுக்கும் பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். வயிறு எரிகிறது. ஒவ்வொன்றுக்கும் அதில் ஊறிய ஆள் வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு முதல் வருடம் காலடி, கம்பு, விழுதல் மட்டுமே. குத்துவரிசையும் எதிராளியைத் தூக்கிப் போடுவதும் அடுத்த வருடம்தான். கம்பு எடுக்கும்போது மண்ணைத் தொட்டு வணங்குகிறார்கள். ஜூடோவுக்கு நின்று குனிந்து வணங்குகிறார்கள். அவரவர் மரபு அப்படியே இருக்கிறது.

போன ஐப்பசி மழையில் எங்களிடம் பழகும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி சைக்கிளோடு சறுக்கி விழுந்தாள். முழங்கையில் தோல் உரிந்ததோடு சரி. மறுநாள் அவள் அம்மா வந்து, “தலையைத் தூக்கிக்கிட்டே விழுந்தேன்னு சொல்றா சார்” என்று கண் கலங்கினார்.

சிலம்ப வாத்தியார்களிடம் கேட்டுக்கொள்கிறேன். பக்கத்தில் ஜூடோ தெரிந்தவர் இருந்தால் கூப்பிடுங்கள். பிள்ளை கையில் கம்பு கொடுக்கும் முன் இரண்டே வாரம் விழப் பழக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
மதுரை